முந்நூறு பேர் ஆமென் சொன்ன பாதி வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு பாதி வாக்கியத்திலிருந்து பிறந்தது. மீதிப் பாதியை உங்களுக்குத் தருவேனா என்பது சந்தேகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். முப்பத்துநாலு வருஷம் லாரி ஓட்டினேன். இதுவரை எழுதியதெல்லாம் டிரிப் ஷீட்தான். எங்கே ஏற்றினேன், எங்கே இறக்கினேன், எத்தனை மணிக்கு. அதற்கு மேல் எழுதுகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. இப்போது நானே எழுதுகிறேன், பாருங்கள்.

கதையில் வருகிறவன் பெயர் ஜான்ரோஸ். வயது அறுபத்தெட்டு. கருங்கல் பக்கம் வீடு. அது நான்தான், ஒளிக்க ஒன்றும் இல்லை. 'நான்' என்று எழுதினால் பேனா நகர மாட்டேன் என்கிறது. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். 'ஜான்ரோஸ்' என்று எழுதினால் ஓடுகிறது. லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஒருத்தன் நின்று "வரட்டும், வரட்டும்" என்று கை காட்டுவான் இல்லையா, அப்படி ஒருத்தன் எனக்கு வேண்டியிருக்கிறது.

2

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்:

"ஆண்டவருடைய பெரிதான கிருபையினால் என் மகள் பெபிஷா ஆப்பிரிக்கக் கண்டத்தில் ஊழியம் செய்யும்படி—"

அடித்துவிட்டேன். சபைப் பத்திரிகையில் வரும் சாட்சி மாதிரி இருக்கிறது. ஜான்ரோஸ் அப்படிப் பேசுகிறவன் இல்லை. அவன் கோவிலுக்குப் போவது கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அறுப்பின் பண்டிகைக்கு ஒன்று. அதுவும் ஏலத்தில் சேனைக்கிழங்கு எடுக்க.

இரண்டாவது:

"சாம்பியா நாட்டின் மண் நம்ம ஊர் மண் போலவே சிவந்து—"

இதுவும் ஆகாது. நான் போகவில்லை. போகாத ஊருக்கு டிரிப் ஷீட் எழுதக்கூடாது.

அதனால் என் கண்முன்னால் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். போன வருஷம் டிசம்பர் கடைசி. பெபிஷா நர்சிங் முடித்து இரண்டு வருஷம் வேலையும் பார்த்தவள், இருபத்துநாலு வயது. ஜான்ரோஸுக்கும் சத்தியபாய்க்கும் பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை. வாலிபர் மிஷன் சங்கம் ஒன்றில் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

"எப்பா, ஒரு வருஷம்தான். சாவக் கெடக்கியவங்கள வேதனை இல்லாம பாத்துக்கிடுத எடம்."

"சம்பளம்?"

"கெடையாது. வாலன்டியர்."

"ஏட்டி, நர்சிங் படிச்சவளுவ கல்ஃபுக்குப் போவாளுவ. நீ சாவு வீட்டுக்கு ஓசியில வேலைக்குப் போறியா?"

"சாவு வீடு இல்லப்பா. ஹாஸ்பிஸ்."

"பேரு என்னவா இருந்தா என்ன, வெளிய வாறது பெட்டிதானே."

சத்தியபாய் அடுக்களையிலிருந்து சத்தம் போட்டாள். "கேட்டியளா, வாயக் கொஞ்சம் மூடுங்க. பிள்ளை ஆண்டவருக்கு வேண்டிப் போறா."

"ஆண்டவருக்கு இஞ்ச ஆளு சாவலியா? ஏட்டி, ஒனக்க கிட்னிய எடுத்துப் போடுவானுவ, பாத்துக்க."

"அங்க உள்ளவங்களுக்கே ரெண்டு ரெண்டு இருக்குப்பா," என்றாள் பெபிஷா.*

(* ஜான்ரோஸ் அந்தச் சங்கத்தைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்தான். மோசடி இல்லை, உண்மையான சங்கம்தான் என்று தெரிந்ததும் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.)

ஜனவரியில் போனாள்.

3

ஞாயிறுதோறும் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போன் வரும். அங்கே மத்தியானம் ஒன்றரை. அவளுக்கு அப்போதுதான் சாப்பிட நேரம். முகம் தெரிகிற மாதிரிதான் கூப்பிடுவாள்.

அவள் சொன்ன வேலையெல்லாம் ஜான்ரோஸுக்குப் புதிது. இரண்டு மணிக்கு ஒருதரம் ஆளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். நாக்கு வறண்டால் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைக்க வேண்டும். நின்றுகொண்டு பேசக்கூடாது. கட்டிலில் கிடக்கிறவர் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்கு உட்கார்ந்து பேசவேண்டும்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. ஜான்ரோஸ் முதலில் கேட்டபோது இதென்ன சட்டம் என்று சிரித்தான். நோயாளி கேட்டால் பொய் சொல்லக்கூடாது. கேட்காததை நாமாகச் சொல்லவும் கூடாது. கேட்கும்வரைக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அப்பம் ஒருத்தன், நான் எப்பச் சாவேன்னு கேட்டா சொல்லிருவியளா?"

"தெரிஞ்சத சொல்லுவோம்."

"பாவிகளா! நம்ம ஊருல ஒருத்தன் சொல்லுவானா?"

"அதுதான்பா. நம்ம ஊருல அவன் ஒருத்தன விட்டு மத்த எல்லார்ட்டயும் சொல்லுவோம்."

இந்த வரியை அவள் சொன்னது ஏப்ரலில். ஜான்ரோஸ் அன்றைக்குச் சிரித்தான். நான் இப்போது இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி, முற்றத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

அங்கே பண்டா என்று ஒரு கிழவர். செம்பு ஏற்றி எல்லை தாண்டி ஓட்டின பழைய லாரி டிரைவர். அதைக் கேட்டதும் ஜான்ரோஸுக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. ஆனால் நம்பவில்லை. சோதித்துப் பார்த்தான்.

"காட்டுப் பாதையில ஆக்ஸில் ஒடிஞ்சா என்ன செய்வாருன்னு கேளு."

அடுத்த ஞாயிறு பதில் வந்தது. "லாரிக்கு அடியில படுத்து ஒறங்குவாராம், ஆளு வாறது வரைக்கும்."

"அப்பம் டிரைவருதான்."

பண்டா மூன்று வாரம் எல்லாவற்றையும் கேட்டாராம். மழை வருமா, பாலம் கட்டிவிட்டார்களா, மக்காச்சோளம் விளைந்திருக்கிறதா. ஒன்றை மட்டும் கேட்கவில்லை. ஒருநாள் கேட்டார். பெரிய நர்சும் பெபிஷாவும் அவர் கண் உயரத்துக்கு உட்கார்ந்து சொன்னார்கள். அவர் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு, "அப்படியானால் இந்த உப்பில்லாத கஞ்சியை நான் யாருக்காகக் குடிக்கிறேன்? கருவாடு கொண்டு வா," என்றார். சத்தியபாய் கொடுத்துவிட்ட மிளகாய்ப்பொடியைப் போட்டுப் பெபிஷா செய்து கொடுத்தாள். இரண்டு வாய். வியர்த்துக் கொட்டி, சிரித்தாராம்.

ஜூலையில் ஒரு ஞாயிறு பெபிஷா போனைத் திருப்பி ஒரு கட்டிலைக் காட்டினாள். போர்வை மடித்து வைத்திருந்தது.

இன்னொன்று. மே மாதத்திலிருந்து அவள் ஒவ்வொரு ஞாயிறும் கேட்க ஆரம்பித்தாள்: "எப்பா, வயத்துவலி பத்துக்கு எவ்வளவு?"

"இதென்னட்டி, பரிட்சை மார்க்கா?"

"ஆமா. சும்மா சொல்லுங்க."

"ரெண்டு போடு."

எல்லா வாரமும் ரெண்டுதான். ஒருநாள் குஷியில் ஒன்று போடச் சொன்னான். பொய். உள்ளே ஆறும் ஏழும் ஓடிக்கொண்டிருந்தது. கடல் தாண்டி இருக்கிற பிள்ளையிடம் அதைச் சொல்லுவானா?

4

வயிற்றுவலி என்று சொன்னேன். மே மாதம் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பச்சன் கொஞ்சம் புறத்து இரிக்கு," என்றார். ஜான்ரோஸ் வெளியே லிஃப்ட் பக்கத்தில் நாற்காலியில் இருந்தான். இருபது நிமிஷம். சத்தியபாய் வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல. வயத்துல புண்ணு. மொளகு, புளி ஆகாதாம்."

செக்போஸ்ட்டில் போலீஸ்காரன் இன்றைக்கு என்ன கிழமை என்று சொன்னாலும் காலண்டரைப் பார்க்கிறவன் ஜான்ரோஸ். பெஞ்சாதி சொன்ன புண்ணை நம்பினான். மூன்று மாதம் வெறும் கஞ்சி, பயறு. நம்பிக் குடித்தான்.

ஆகஸ்டில் மறுபடி ஸ்கேன். மறுபடி "புறத்து இரிக்கு". வீட்டுக்கு வந்த மறுநாள் சத்தியபாய் சாளை மீன் வாங்கி, தேங்காயும் மிளகாயும் அரைத்து, செக்கச்செவேல் என்று ஒரு சட்டி குழம்பு வைத்தாள்.

"இதென்னது?"

"தின்னுங்க. டாக்டரு ஆசப்பட்டதெல்லாம் குடுக்கச் சொல்லிட்டாரு."

ஜான்ரோஸ் மூன்று தடவை சோறு வாங்கித் தின்றான். தின்றுவிட்டு, டிஜோவின் சாயாக்கடைக்குப் போய் நாலுபேர் கேட்க அறிவித்தான்: "எனக்க புண்ணு ஆறிப்போச்சுலே!"

"கொள்ளாம் அண்ணே, நல்லது," என்றான் டிஜோ. சொல்லிவிட்டுத் திரும்பி நின்று, கழுவின டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தான்.

(வாசிக்கிற உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். ஜான்ரோஸுக்கு விளங்கவில்லை. அவனை முட்டாள் என்று நினைக்காதீர்கள். நல்ல செய்தியைச் சந்தேகப்பட அவன் பழகவில்லை. அவனுக்கு அது அதிகம் வந்ததில்லை.)

5

இப்போது அந்த ஞாயிறு. இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

செப்டம்பரில் மிஷனெரி ஞாயிறு. வெளியே ஊழியத்துக்குப் போன பிள்ளைகள் எழுதின கடிதத்தை ஆராதனையில் வாசிப்பார்கள். சத்தியபாய் வீட்டில் சொல்லவில்லை. டிஜோதான் சனிக்கிழமை வாய்தவறிச் சொன்னான், மவளுக்க லெட்டர் நாளைக்கு வாசிக்கப் போறாவ என்று. பண்டிகை இல்லாத நாளில் ஜான்ரோஸ் கோவிலுக்குப் போவான் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பெபிஷாவும்தான். அந்தத் தைரியத்தில்தான் அவள் அப்படி எழுதியிருக்கிறாள்.

சத்தியபாய் முதலில் போய்விட்டாள். ஜான்ரோஸ் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் போனான். உள்ளுக்குள் பெருமை. ஒத்துக்கொள்கிறேன், பெருமைதான். பாட்டு முடிகிற நேரம், ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் இடம் இருந்தது. நான் உட்கார்ந்தேன்.

ஜான்ரோஸ் உட்கார்ந்தான்.

சபைச் செயலர் ஞானதாசன் மூக்குக் கண்ணாடியோடு எழுந்து, காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான். செம்மண், மரச்சீனிக் கிழங்கு, நீலக் கதவு வைத்த வார்டு எல்லாம் வந்தது. ஜான்ரோஸ் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்து, "எனக்க மவ," என்றான். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசிப் பத்தி. இதை மட்டும் நான் ஒரு எழுத்து மாறாமல் சொல்லுவேன்:

"முடிவாக ஒரு ஜெபக் குறிப்பு. இங்கே முகம் தெரியாத மனிதர்களின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறேன். என் சொந்த அப்பாவின் அருகே உட்கார முடியவில்லை. நான் வந்தால் அவருக்குச் சந்தேகம் வரும் என்று அம்மா வரவேண்டாம் என்கிறார்கள். டாக்டர்கள் அப்பாவுக்குக் கொடுத்திருக்கும்—"

அங்கே ஞானதாசன் பக்கத்தைத் திருப்பத் தலையைத் தூக்கினான். மூன்றாவது பெஞ்சைப் பார்த்தான்.

ஒரு ஃபேன் கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ "ஏசுவே" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. அது சத்தியபாயின் குரல்.

ஞானதாசன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வேறு என்ன செய்ய என்று தெரியாமல், "ஆமென்," என்றான்.

"ஆமென்," என்றது சபை. முந்நூறு பேர். பாதி வாக்கியத்துக்கு.

அப்போது ஜான்ரோஸின் மனதில் முதலில் வந்தது சாவு இல்லை. சாளைக் குழம்பு. ஆசப்பட்டதெல்லாம் குடுக்கச் சொல்லிட்டாரு. அதற்குப் பின்னால் பண்டாவின் கருவாடு. அதற்குப் பின்னால் பத்துக்கு எவ்வளவு, பத்துக்கு எவ்வளவு, பத்துக்கு எவ்வளவு. ஓடுகிற லாரியில் பிரேக்கை மிதிக்கிறோம், பெடல் அடிவரைக்கும் போகிறது, வண்டி நிற்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது முந்நூறு பேரும் குனிந்து செருப்பைத் தேடினார்கள்.

6

அந்த வாக்கியத்தை முடித்துவைக்கப் பலர் முயற்சி செய்தார்கள்.

ஆட்டோவில் சத்தியபாய்: "அந்த ஞானதாசனுக்குக் கண்ணே தெரியாது. 'குடுத்திருக்க மருந்து வேல செய்யணும்'னு எழுதியிருப்பா பிள்ளை."

மத்தியானம் ஜான்ரோஸ் ஞானதாசன் வீட்டு வாசலில் போய் நின்றான். "அடுத்த வரி என்னலே?"

"அது அண்ணே, 'குடுத்திருக்க ஞானத்துக்காக ஸ்தோத்திரம்'னு..."

"காகிதத்த எடு."

"போதகர் வாங்கிட்டுப் போயிட்டாருண்ணே."

சட்டைப்பை துருத்திக்கொண்டிருந்தது. அதே சட்டை.

சாயாக்கடையில் டிஜோ, கேட்பதற்கு முன்னாலேயே: "நான் இன்னைக்குக் கோவிலுக்கே வரல்லண்ணே." அவன் ஜான்ரோஸுக்கு நேர் பின்னால் நாலாவது பெஞ்சில் இருந்தான்.

ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முடிவு வந்தால் இரண்டும் பொய். அது டிரைவருக்குத் தெரியும். இரண்டு ஆளிடம் வழி கேட்டு இரண்டு பேரும் வேறு வேறு திசை காட்டினால், இரண்டு பேருக்கும் ஊர் தெரியாது. ஆனால் இவர்களுக்கு ஊர் தெரியும். நான்கு மாதமாகத் தெரியும். வீட்டு ஜெபத்தில், பெண்கள் சங்கத்தில், எல்லா இடத்திலும் என் பெயரைச் சொல்லி, எந்த உறுப்பு, எந்த அளவு என்று விவரம் சொல்லி முழங்கால் போட்டிருக்கிறார்கள். ஆண்டவருக்கு விலாசம் தப்பிவிடக்கூடாது இல்லையா. அந்த உறுப்புக்குச் சொந்தக்காரன் சாயாக்கடையில் இருந்து புண் ஆறிப்போச்சு என்று—

இந்த இடத்தை இப்படியே விட்டுவிடுகிறேன்.

சத்தியபாயைக் கெட்டவளாக எழுதவும் பார்த்தேன். கதைக்கு அது வசதி. வரவில்லை. நாற்பது வருஷம் என்னோடு இருந்தவள், நாலு மாதம் தனியாக இதைச் சுமந்திருக்கிறாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் அந்தக் குழம்பைத் தொட்டுப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

7

ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பண்டா.

அவரை ஜான்ரோஸ் பார்த்ததே இல்லை. நோயாளியின் முகத்தைப் போனில் காட்டக்கூடாது, அங்கே விதி என்று பெபிஷா சொன்னாள். சரி. காட்டியது காலிக் கட்டில். காலிக் கட்டில் எங்கேதான் இல்லை?

ஆக்ஸில் ஒடிந்தால் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்குவது. அதைச் சொல்ல சாம்பியா டிரைவர் வேண்டுமா? சின்ன வயதில் அவள் அதை என் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பாள்? லாரி டிரைவர், உப்பில்லாத கஞ்சி, மூன்று வாரம் கேட்காமல் இருந்துவிட்டுக் கேட்டது. ஜூன் மாதம். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் எனக்கு ஸ்கேன்.

கேட்காததைச் சொல்லக்கூடாது. அவள் சட்டம் அது. அப்படியானால், எப்படிக் கேட்பது என்று எனக்குக் காட்டித்தர ஒரு ஆளை உண்டாக்கி அனுப்பினாளோ?

அப்படியென்றால் இந்தக் கதையை எழுதுகிறவன் நான் இல்லை. அவள் எழுத ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது.

(பண்டா உண்மையாகவே இருந்திருந்தால், ஐயா, மன்னிக்க வேண்டும். நீங்கள் டிரைவர்தான்.)

8

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அ. ஜான்ரோஸ் ஒன்றும் கேட்கவில்லை. தெரியாத மாதிரியே இருக்கிறான். சத்தியபாய் குழம்பு வைக்கிறாள், அவன் தின்கிறான், இருவரும் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஊர் முழுக்க நிம்மதி. (இது நம்ம ஊர் முடிவு. நூறு வீட்டில் நடந்தது, நானே பார்த்திருக்கிறேன்.)

ஆ. ஜான்ரோஸ் அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, "ஞானதாசா, மீதிய வாசிலே!" என்கிறான். (எழுதும்போது சுகமாக இருந்தது. ஆனால் ஞானதாசன் அழுதுவிடுவான். அவனுக்கும் சர்க்கரை உண்டு.)

இ. பெபிஷா டிசம்பருக்குக் காத்திருக்காமல் விமானம் ஏறுகிறாள். வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. (இதை எழுதிவிட்டு மூன்று தடவை வாசித்தேன். அதனாலேயே நம்பவில்லை.)

மூன்றும் வேண்டாம். நடந்ததை எழுதுகிறேன்.

9

அதே ஞாயிறு, அஞ்சு மணி. போன் அடித்தது. சத்தியபாய் எடுக்க வந்தாள். ஜான்ரோஸ் முந்திக்கொண்டு எடுத்து, பின்பக்கம் மாமரத்தடிக்குப் போனான்.

பெபிஷாவின் முகம் வந்தது. கண் வீங்கியிருந்தது. அம்மா முன்னாலேயே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். நாற்காலியில் இருந்தவள் அதைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, போனைத் தாழ்த்தி வைத்தாள். ஜான்ரோஸ் கல்லின்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தான். கண்ணுக்கு நேர் கண். ஆறாயிரம் கிலோமீட்டரோ என்னவோ, அவன் உயரத்துக்கு உட்கார்ந்தாள்.

"எப்பா, கோவிலுக்குப் போனியளாமே."

"போனேன்."

"வெள்ளச் சட்ட போட்டியளாமே."

"கொள்ளாம் இருந்துதுன்னு எல்லாரும் பறஞ்சாவ," என்றான். யாரும் சொல்லவில்லை.

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் கேட்பதையே கேட்டாள்.

"இன்னைக்குப் பத்துக்கு எவ்வளவுப்பா?"

ரெண்டு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாலு மாதம் அவர்கள் எனக்குச் சொன்ன பொய்யையே எண்ணிக்கொண்டிருந்தேன். நான் சொன்னதை எண்ணவில்லை.

"எட்டு, மக்கா," என்றான் ஜான்ரோஸ். "மே மாசத்துல இருந்தே ஆறு, ஏழு."

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு, அழாத குரலில், வார்டில் பேசுகிற குரலாக இருக்கும், "சரிப்பா. இந்த வேதனைக்கு மருந்து உண்டு. அத நாளைக்கே அம்மாட்ட சொல்லிச் சரியாக்கித் தாறேன்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. நான் இஞ்சதான் இருக்கேன்."

மரத்தில் காக்கை ஒன்று இருந்தது. ஜான்ரோஸ் முதலில் அங்கே மழையா என்று கேட்டான். இல்லை என்றாள். பாலம் கட்டிவிட்டார்களா என்று கேட்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு கேட்டான்.

அவள் போனை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தாள். "எப்பா," என்றாள், "டாக்டர்கள் ஒங்களுக்குக் குடுத்திருக்கது—"

இத்தோடு நிறுத்துகிறேன். அவள் முழுதாகச் சொன்னாள், நான் முழுதாகக் கேட்டேன். அடுக்களை வாசலில் நின்று சத்தியபாயும் கேட்டாள். என் உடம்பைப் பற்றிய எல்லாவற்றையும் எனக்கு முன்னால் முந்நூறு பேர் தெரிந்துகொண்டார்கள். அவள் வாயால் எனக்குச் சொன்ன இந்த ஒன்றாவது என் கையில் இருக்கட்டும்.

உங்களுக்கு வேண்டுமென்றால் மீதியை எப்படியும் எழுதிக்கொள்ளுங்கள். மருந்து, ஞானம், மாதம், வருஷம், என்னவாவது. நான் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறேன்.

ஆமென் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.